சுபிக்ஷாவின் பக்கத்து இடம்

அன்றைக்கு எங்கள் நகராட்சித் தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள், இரண்டில் ஏழு, மூன்றில் பதினொன்று, நான்கில் ஆறு, ஐந்தில் ஐந்து, ஆகப் பிள்ளைகள் முப்பத்தெட்டு, தலைமையாசிரியர் பால்துரை சார், புதன்கிழமைகளில் மட்டும் வருகிற சிறப்பாசிரியை கிறிஸ்டினா டீச்சர், தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மகள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்க்க வந்து வாசலைத் தாண்டாமல் நின்ற மாரீஸ்வரி, சாம்பார் வாளியோடு நான். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். இன்னொரு டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்ததால் கணக்கில் இல்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதை நான் எப்போதும் சேர்ப்பதில்லை.

மாரீஸ்வரியின் ஒரே மகள் சுபிக்ஷா, வயது எட்டு, மூன்றாம் வகுப்பு. அவளுக்குப் பேச்சு உண்டு, ஆனால் நாம் கேட்கிற நேரத்துக்கு வராது. தட்டில் ஒடுக்கு விழுந்த பக்கம் தன்னைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாள். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு வண்டு மாதிரி முரலுவாள். யாராவது தொட்டால் கடிப்பாள். உட்காருவது உள்பக்க மூலையில். அவளுக்கு அடுத்த பிள்ளை, அவள் முரல ஆரம்பித்ததும் ஒரு சாண் தள்ளி உட்காரும், அதற்கடுத்த பிள்ளை இன்னொரு சாண், அதற்கடுத்தது இன்னொன்று, இப்படியே வரிசை மொத்தமும் இழுபட்டுப் போய்க் கடைசியில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் எதிர்ச் சுவரில் தோளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜூன் மாதத்திலிருந்து தினமும் இதே கூத்துதான், தினமும் நான் "நகராதீங்கலே" என்பேன், தினமும் அவர்கள் நகருவார்கள்.

அந்தப் புதன்கிழமை நகர இடம் தீர்ந்துவிட்டது. சுவரோரத்துப் பையன், "இதுக்கு மேல எங்க போக" என்று கேட்டான், அவன் கேட்டு முடிக்கும்போது தரை நீண்டது. காவி பூசின சிமெண்டுத் தரை, கீறல் விடாமல், சத்தம் போடாமல், சுபிக்ஷாவுக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் மாவு இழுபடுகிற மாதிரி இழுபட்டது. மேலே கூரையும் அதற்குத் தக்கபடி நீண்டது. யார் தட்டிலிருந்தும் ஒரு பருக்கை சிந்தவில்லை.

"என்ன ஆயாம்மா, கூடம் நீளமாயிட்ட மாதிரி இருக்கே" என்றார் பால்துரை சார்.

"ஆமா சார்."

"சரி, சாம்பார் ஆறிரும், ஊத்துங்க."

ஊற்றினேன். அன்றைக்கு இடைவெளி பத்து அடி. வாரம் முடியும்போது இருபத்தாறு. வாளியைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் ஒரு பிள்ளைக்காக நடக்க வேண்டும், அவள் தட்டைத் திருப்பி வைக்கும்வரை நிற்க வேண்டும், பிறகு அத்தனை தூரம் திரும்பி வந்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், அந்தச் சத்தத்துக்கு அவள் முரலுவாள், அந்த முரலலுக்கு இவர்கள் நகருவார்கள், தரை இன்னும் ஒரு முழம் போகும். என் முழங்காலை யாரும் கேட்கவில்லை.

நகராட்சியிலிருந்து ஓவர்சியர் வந்து நாடா பிடித்தார். வெளியே நாற்பது அடி, உள்ளே அறுபத்தாறு. வெளியே மறுபடி பிடித்தார், நாற்பதுதான். பக்கத்து டீக்கடைச் சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. வெள்ளையடிப்பது வெளி அளவுக்குத்தான், உள்ளே கூடின சுவருக்கு ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். துணி காயப்போட இடமில்லை, பைக் நிறுத்த இடமில்லை, செத்தவரைக் கிடத்தத் தெருவை மறிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேருக்கு மேல் வந்தால் பாதிப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், வெயிலும் மழையும் படாத தரை, கேட்காமலே தினமும் வளருகிறது என்றால் விடுவார்களா. முதலில் வார்டு கவுன்சிலர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி வந்து ரெண்டு மூடை வத்தல் காயப்போட்டுக்கொள்ளக் கேட்டார். பிள்ளைகள் தும்மிக்கொண்டே சாப்பிட்டார்கள். பிறகு தையல் வகுப்பு வந்தது, பிறகு பந்தடிக்கிறவர்கள் வலை கட்டினார்கள், பிறகு கோயில் சப்பரம் வந்து நின்றது, பிறகு ஏழு பைக்குகள், ஒரு உடைந்த ஆட்டோ, யாரும் உரிமை கொண்டாடாத ஒரு மரக்கட்டில். இத்தனையும் சுபிக்ஷாவுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நடுவில்தான் இருந்தன. நான் வாளியோடு சப்பரத்தைச் சுற்றிப் போனேன்.

அவள் வராத நாளில் தரை நீளாது என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் வராதபோது பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஆரஞ்சுப் பழத்தோடு மாரீஸ்வரி வீட்டுக்குப் போய், "புள்ளைய நல்லா பாத்துக்கம்மா, ஸ்கூலுக்கு மட்டும் லீவு போட விடாத" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு முன் அந்த வீட்டு வாசலை அவர் ஓட்டுக் கேட்டுத்தான் மிதித்திருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவள் பேர் தெரிந்தது, "சுபிக்ஷா புண்ணியத்துல" என்று சொல்லித்தான் கட்டிலைப் போட்டார்கள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை.

மாரீஸ்வரி ஒரு நாள் சப்பரத்துக்குப் பக்கத்தில் வைத்து அண்ணாச்சியை மறித்துவிட்டாள்.

"எனக்கு எடம் வேண்டாம் அண்ணாச்சி. எம் புள்ளைய ஒரு புள்ள 'ஏட்டி சுபிக்ஷா, வாட்டி'ன்னு கூப்பிடணும். நான் இல்லாத காலத்துல இவளைக் காணோமேன்னு தேட ஒரு ஆளு வேணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

"கூப்பிடுவாங்கம்மா, கூப்பிடாம எங்க போவாங்க" என்றார் அண்ணாச்சி. "தை மாசம் ஒண்ணு போகட்டும். எம் மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கேன். இருநூறு எலை. மண்டபம் ஒண்ணும் கிடைக்கல."

மாரீஸ்வரி அவரை விட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் கட்டிலைப் பார்த்தேன்.

பால்துரை சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. கிறிஸ்டினா டீச்சர் அவரிடம், "கட்டாயப்படுத்தாம, சேர்ந்து செய்ற மாதிரி ஏதாவது வேலை குடுங்க சார், ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தேவைப்படணும்" என்று பொறுமையாகச் சொன்னார், சொல்லிவிட்டு வேறு பள்ளிக்கு வண்டி ஏறினார். சார் அதைக் கேட்டு, தலையாட்டி, மறுநாள் நட்பு முறை என்று ஒன்றை ஏற்படுத்தினார். கோயிலில் பூசைக்கு முறை இருக்கிறது, குழாயில் தண்ணீருக்கு முறை இருக்கிறது, நட்புக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார். திங்களுக்கு ஒரு பிள்ளை, செவ்வாய்க்கு ஒரு பிள்ளை. முறைக்காரப் பிள்ளை சட்டையில் 'நண்பர்' என்று அட்டை குத்திக்கொண்டு, சப்பரத்தைச் சுற்றிப் போய், சுபிக்ஷாவின் முன்னால் நின்று, "வணக்கம் சுபிக்ஷா, நீ எப்படி இருக்கிறாய், நாம் நண்பர்கள்" என்று ஒப்பிக்க வேண்டும், பிறகு அவள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும், பிறகு சோறு பிசைந்து கொடுக்க வேண்டும். அவளுக்குப் பிசையத் தெரியும். அவள் பிசைவதைப் பார்த்தால் நமக்கே பசிக்கும். ஆனால் முறை என்றால் முறை.

பிள்ளைகள் ஒப்பித்தார்கள், அவள் காதைப் பொத்தினாள். கையைப் பிடித்தார்கள், கடித்தாள். "பாவம் சார், அவளுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்கள். பாவம் என்கிற ஒரு சொல்லுக்குத் தரை ரெண்டு அடி போனது. மூன்று பேர் சேர்ந்து பாவம் என்றால் ஏழு. நட்பு முறை நடந்த மாதத்தில் கூடம் வளர்ந்த மாதிரி அதற்கு முன் வளர்ந்ததே இல்லை. பந்தடிக்கிறவர்கள் இரண்டாவது வலை கட்டினார்கள். பொன்னுலிங்கம் அண்ணாச்சி சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

நான்காம் வகுப்பில் ரிஸ்வானா என்று ஒருத்தி. வாய் அதிகம். வியாழக்கிழமை முறை அவளுக்கு வந்தது. போனாள், கையைப் பிடித்தாள், சுபிக்ஷா கடித்தாள், இவள் திருப்பிக் கடித்துவிட்டாள். பெரிய பஞ்சாயத்து. சார் அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, "உனக்கெல்லாம் நண்பரா இருக்கத் தகுதி கிடையாது, போய் உட்காரு" என்றார். அன்றைக்கு வியாழக்கிழமை, தரை ஒரு விரல்கூட நீளவில்லை. நான் சொல்லலாம் என்று சார் பக்கத்தில் போனேன். அவர் டிஞ்சர் தேடிக்கொண்டிருந்தார். வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது முட்டையால். அவித்த முட்டை பிள்ளைக்கு ஒன்று. சுபிக்ஷா வெள்ளையை மட்டும் தோல் உரிக்கிற மாதிரி உரித்துத் தின்றுவிட்டு, மஞ்சள்கருவை உடையாமல் முழு உருண்டையாகத் தட்டின் விளிம்பில் வைத்துவிடுவாள். தினமும் அதை நான் காக்காய்க்குப் போடுவேன். ரிஸ்வானாவுக்கு மஞ்சள்கரு என்றால் உயிர், வெள்ளை ஆகாது. அவள் கட்டிலின் மேல் ஏறி நின்று, அந்த மூலையில் மஞ்சள் உருண்டை வீணாகப் போவதைப் பல நாள் பார்த்திருக்கிறாள்.

"ஏட்டி, அத ஏன்டி திங்காம வைக்கிற?" என்று ஒரு நாள் அங்கிருந்தே கத்தினாள்.

சுபிக்ஷா தட்டைப் பார்த்து, "மஞ்ச வேண்டாம்" என்றாள்.

"அப்ப எனக்குத் தா. நான் வெள்ளையத் தாரேன். எனக்கு அது ரப்பர் மாதிரி இருக்கு."

சுபிக்ஷா கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த உருண்டையைத் தரையில் வைத்து ஒரு விரலால் தள்ளிவிட்டாள். அது சப்பரத்தின் அடியில் புகுந்து, ஆட்டோவைத் தாண்டி, பைக்குகளுக்கு நடுவே வளைந்து போய், ரிஸ்வானாவிடம் சேருமுன் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. ரிஸ்வானா மிச்சத்தை ஊதித் தின்றுவிட்டு வெள்ளையை உருட்டிவிட்டாள், அது கோணலாகப் போய் வத்தலில் விழுந்தது. நான் துடைப்பத்தோடு நின்றேன். "அன்னத்தை உருட்டி விளையாடுறீங்களாட்டி" என்று கத்தினேன். ஒருத்தியும் என்னைக் கவனிக்கவில்லை.

மறுநாள் ரிஸ்வானா ஆட்டோவுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். உருண்டை பாதிதான் உதிர்ந்தது. அதற்கு மறுநாள் சப்பரத்துக்கு இந்தப் பக்கம். அவள் நகர்ந்தது நாலு அடி என்றால் தரை சுருங்கினது பத்து அடி. வலை தொய்ந்தது, பைக்குகள் ஒன்றோடொன்று முட்டின. ஒரு நாள் ரிஸ்வானா பசியில் வெள்ளையைக் கொஞ்சம் கடித்துவிட்டு உருட்டினாள். சுபிக்ஷா அதை எடுத்துப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"முழுசு" என்றாள்.

"கொஞ்சம்தான்டி கடிச்சேன்."

"முழுசு. முழுசு குடு."

"நேத்து நீ குடுத்தது மட்டும் முழுசா வந்துச்சாக்கும். பாதி சப்பரத்துச் சாமி தின்னுச்சு."

"சாமி திங்கல. ரிஸ்வானா திருடி."

"நீதான்டி திருடி. போடி சுபிக்ஷா."

வாசலில் நின்ற மாரீஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் மகளை ஒரு பிள்ளை 'போடி சுபிக்ஷா' என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சண்டை முடிவதற்குள் தரை முப்பது அடி உள்ளே வந்துவிட்டது. தையல் வகுப்புப் பெண்கள் மிஷினோடு வராந்தாவில் இருந்தார்கள்.

பொன்னுலிங்கம் அண்ணாச்சி அன்று சாயங்காலமே வந்துவிட்டார். நிச்சயத்துக்கு நாலு நாள் இருந்தது. பால்துரை சாரும் அவரும் பேசினார்கள், சண்டை போடுகிற பிள்ளைகளைப் பிரித்து வைப்பது பள்ளிக்கூட ஒழுங்கு என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. ரிஸ்வானா எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், பேசக் கூடாது. முட்டையை முழுசாகக் கொடுக்கக் கூடாது, கத்தியால் நறுக்கிச் சோற்றில் கலந்து கொடுக்க வேண்டும்.

"கலந்தா அந்தப் புள்ள சாப்பிடாது சார்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பழகிக்குவா ஆயாம்மா. எல்லாம் பழக்கம்தான்."

மூன்று நாள் நறுக்கிக் கலந்தேன். மூன்று நாளும் அவள் சாப்பிடவில்லை. தட்டைத் திருப்பிக்கூட வைக்கவில்லை. தரை போன போக்கில், எதிர்ச் சுவரில் இருக்கிற பிள்ளைகள் எனக்கு எறும்பு மாதிரி தெரிந்தார்கள். மாரீஸ்வரி வந்து மகள் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினாள், கோபப்பட்டாள், கடைசியில் என்னிடம், "கொஞ்ச நாளா சிரிச்சுக்கிட்டே தூங்கினா ஆயாம்மா. இப்ப காலைல எந்திரிக்கவே மாட்டேங்கா" என்றாள். அந்த நேரத்தில் அண்ணாச்சி வீட்டு ஆட்கள் நடுவில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் மாரீஸ்வரியைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காந்து அழும்மா, ஏணி வைக்கணும்" என்றார்.

நிச்சயத்தன்று வெள்ளிக்கிழமை. பள்ளி உண்டு. இந்த மூலையில் சுபிக்ஷா, அந்தக் கோடியில் முப்பத்தேழு பிள்ளைகள், நடுவில் இருநூறு இலை, மேடை, மாப்பிள்ளை வீட்டார், குழல்விளக்கு, நாதஸ்வரம். அவர்கள் வீட்டுச் சமையல்காரர் காலையிலேயே வந்து என்னுடைய ஒரே கத்தியைக் காய் நறுக்க வாங்கிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் கேட்டதற்கு, "பந்தி முடியட்டும் ஆயா, பறக்காதீங்க" என்றார். கத்தி இல்லாமல் நான் எதைக் கொண்டு நறுக்க. முட்டையை முழுசாகவே வைத்தேன்.

சுபிக்ஷா முட்டையைப் பார்த்தாள். தட்டைத் திருப்பினாள். வெள்ளையை உரித்தாள், ஆனால் தின்னவில்லை. மஞ்சள் உருண்டையைத் தரையில் வைத்து உருட்டப் பார்த்தாள். எதிரே இருநூறு இலையும் நானூறு கால்களும் இருந்தன. உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஜூன் மாதத்திலிருந்து அந்த மூலையை விட்டு அவள் தானாக எழுந்து நான் பார்த்ததில்லை. நாதஸ்வரச் சத்தத்துக்கு முகம் சுருங்கியது, ஒரு கையால் ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது, இன்னொரு கையில் மஞ்சள்கரு இருந்தது. முரலிக்கொண்டே நடந்தாள்.

அவள் ஒரு அடி வைத்தால் தரை பத்து அடி சுருண்டது. பந்தியில் இருந்தவர்கள் எழுந்திருக்க நேரமில்லாமல், உட்கார்ந்தபடியே, இலையோடும் இலையில் இருந்த அப்பளத்தோடும், வரிசை குலையாமல், பக்கத்துக் கதவுகள் வழியாக மைதானத்துக்கு நகர்ந்து போனார்கள். முதலில் பெண் வீட்டார், பிறகு மாப்பிள்ளை வீட்டார், பிறகு மேடை, மேடையில் மோதிரம் போட நீட்டின கையோடு மாப்பிள்ளை, கடைசியாகப் பாயசத்தோடு சமையல்காரர். சப்பரம் போனது, ஆட்டோ போனது, கட்டில் போனது. பொன்னுலிங்கம் அண்ணாச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா சுபிக்ஷா, ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கக் கூடாதா" என்று கெஞ்சினார். அவள் பொறுக்கவில்லை. எட்டு மாதம் பொறுத்திருந்தாள்.

ரிஸ்வானா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுபிக்ஷா அவள் பின்னால் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

"முழுசு" என்றாள்.

ரிஸ்வானா திரும்பிப் பார்த்து, "மூணு நாளா எங்கடி போன? நான் சோத்துல பொறுக்கிப் பொறுக்கித் தின்னேன்" என்றாள். தன் முட்டை வெள்ளையை எடுத்து, கடிக்காமல், அவள் கையில் வைத்தாள்.

மைதானத்திலிருந்து எல்லோரும் சன்னலில் கூடிவிட்டார்கள். நிச்சயத்துக்கு வந்த போட்டோக்காரர் உள்ளே வந்தார். பால்துரை சாருக்குக் கண் கலங்கிவிட்டது, அதுதான் வினை. "கை குடுத்துக்கோங்கம்மா. கட்டிப் பிடிச்சுக்கோங்க. ஒரு போட்டோ எடுப்போம்" என்று சுபிக்ஷாவின் தோளில் கை வைத்து ரிஸ்வானா பக்கம் தள்ளினார். அவள் முரலத் தொடங்கினாள். என் காலடியில் தரை மெல்ல அசைந்தது; அண்ணாச்சி முகத்தில் வெளிச்சம் வந்தது.

"சார், சும்மா இருங்க சார்" என்றாள் ரிஸ்வானா. "அவளுக்குத் தொட்டா ஆகாது. நீங்க தள்ளிப் போங்க."

சார் கையை எடுத்தார். தள்ளிப் போனார். தரை நின்றது. சுபிக்ஷா ரிஸ்வானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் தன் கையைப் பதித்து வைத்துவிட்டு, பிறகு எடுத்தாள். அந்த இடத்துக்கு ரிஸ்வானா வரவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். யாருக்கு எது பெரிசு என்று நடுநடுவே சண்டை நடந்தது. மாரீஸ்வரி அன்றைக்குத்தான் யாரிடமும் கெஞ்ச வேண்டியில்லாமல் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல், என் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பந்தி கலைந்த பிறகு பொன்னுலிங்கம் அண்ணாச்சி நாடாவோடு வந்தார். கூடத்தை அளந்தார்; உள்ளேயும் நாற்பது அடி, வெளியேயும் நாற்பது அடி. அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டி, நடுவில் கொஞ்சம் விட்டிருக்கிறார்களே, அது எவ்வளவு இருக்கும், ஒரு வத்தல் மூடையாவது வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். குனிய என் முழங்கால் விடவில்லை, இருந்தாலும் குனிந்து, கையை வைத்து அளந்து சொன்னேன்.

மீதி நாலு விரற்கடை.